லுவானின் பட்டத்தில் ஓர் எழுத்துப் பிழை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை பதினொரு மணிவாக்கில் என் வீட்டுப் பால்கனியில், காயப்போட்டிருந்த படுக்கை விரிப்பின் மேல் வந்து விழுந்தது. சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டம். அதன் வயிற்றில் கறுப்பு மையால் இரண்டு வரி. முதல் வரி ஒரு பெண்ணின் பெயர். இரண்டாம் வரி ஒரு நோயின் பெயர். நோயின் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது.

நான் முப்பத்தோரு வருடம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, மாடிப்படியில் ஒட்டிய அறிவிப்பு என்று எதைப் பார்த்தாலும் கண் தப்பைத்தான் முதலில் தேடும். அந்தப் பட்டத்துக்கு உரியவரிடம் தப்பைச் சொன்னேன். நான் செய்தது அவ்வளவுதான். அதற்குப் பின் நடந்ததை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கே தொடங்குவது என்பதில் ஏற்கெனவே மூன்று தடவை தோற்றாயிற்று.

முதல் தொடக்கம்: "வசந்தம் வந்துவிட்டால் வெய்ஃபாங் நகரத்து வானத்தில் பறவைகளைவிடப் பட்டங்களே" — இது நகராட்சிப் பலகையில் இருக்கவேண்டிய வாக்கியம். பாதியிலேயே விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "பான் ஷூச்சினுக்கு இன்னும் மூன்று மாதம்தான் என்று மருத்துவர்" — இப்படித் தொடங்கினால் முதல் வரியிலேயே நீங்கள் கைக்குட்டையை எடுத்துவிடுவீர்கள். அவளைப் பற்றி நான் கேள்விப்பட்டவரை அதை அவள் விரும்பமாட்டாள்.

மூன்றாவதில் நான் வந்தேன், என் அச்சகம் வந்தது, என் மூக்குக்கண்ணாடி வந்தது. நான்காம் பக்கம் வரை பட்டம் வரவில்லை.

ஆகவே கடையிலிருந்து தொடங்குகிறேன். அங்கே நான் இல்லை. அது நல்லது.

2

லுவான் ஷோயீக்கு ஐம்பத்தேழு வயது. கான்கிரீட் கலவை லாரி ஓட்டுபவர். நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் எழும்பிய அடுக்குமாடிகளில் பாதிக்கு அவர் லாரிதான் கலவை கொண்டுபோய்க் கொட்டியது. பட்டத்துக்குப் பேர்போன ஊரில் பிறந்து வளர்ந்தும் அதுவரை அவர் ஒரு பட்டத்தைக்கூடக் கையால் தொட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். "ரோட்டைப் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு மேல என்ன வேலை" என்றார்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் அவர் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பட்டக் கடைக்குப் போனார். கடைக்காரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், தியன் என்று பெயர். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன வேணும் சின்னண்ணே?"

"பெருசா ஒண்ணு வேணும்."

"யாரு விடப்போறது?"

"நான்தான்."

"முன்னாடி விட்டிருக்கீங்களா?"

"இல்லை."

அவள் உமியைத் துப்பிவிட்டு எழுந்து வந்தாள். லுவான் கூரையில் தொங்கிய கழுகுப் பட்டத்தைக் காட்டினார். அதன் இறக்கை அவர் லாரியின் முகப்பு அகலம் இருந்தது.

"அது உங்களை இழுத்துட்டுப் போய் ஆத்துல போட்டுரும்" என்றாள் தியன். "அந்தப் பூரான் பட்டத்தை எடுங்கன்னு சொல்லாதீங்க. அதை ஏத்த நாலு ஆளு வேணும்."

"இந்தத் தும்பி?"

"அது பட்டுத்துணி. சுவத்துல மாட்டறது. காத்துல விட்டா கிழிஞ்சு வந்து உங்க மூஞ்சியில விழும்."

கடைசியில் அவளே ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள். முக்கோணம். நைலான் துணி, உள்ளே மெல்லிய கண்ணாடியிழைக் குச்சிகள், நீளமாக வால்.

"முதல் தடவைக்கு இதுதான். விழுந்தா உடையாது. விழும், நிறைய விழும். வாலை வெட்டிராதீங்க, அழகுக்கு வைக்கலை. அதுதான் இது சுத்தாம நிக்கறதுக்கு."

"சின்னதா இருக்கே."

"உங்களுக்கு எவ்வளவு பெருசு வேணும்? எதுக்கு?"

லுவான் மேசைமேல் கிடந்த வாலை நீவிவிட்டார். பிறகு, "எழுதணும்" என்றார்.

தியன் கையிலிருந்த விதைகளை மேசைமேல் வைத்தாள். முன்னோர் கல்லறைக்குப் போகும் சிங்மிங் நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அந்த நாளில் நோயாளியின் பெயரையும் நோயின் பெயரையும் பட்டத்தில் எழுதி ஏற்றுவார்கள். நன்றாக உயரே போனதும் நூலை அறுத்துவிட்டால் பட்டத்தோடு நோயும் போய்விடும் என்பார்கள்.

"யாருக்கு?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரிக்கு."

"சின்னண்ணே, நோய் பெருசுன்னு பட்டம் பெருசா இருக்கணும்னு இல்லை. ரெண்டு வரிக்கு இது போதும்." சக்கரத்தில் சுற்றியிருந்த தடித்த நூலை எடுத்துவிட்டு மெல்லிய நூல் சக்கரம் ஒன்றைக் கொடுத்தாள். "இது சுலபமா அறுபடும். ஆனா இருநூறு மீட்டராவது போகட்டும். இல்லேன்னா அடுத்த தெருவுலயே போய் விழும். காத்து உங்க முதுகுல படற மாதிரி நில்லுங்க. ஓடாதீங்க. முதல் நாள் எல்லாரும் ஓடுவாங்க. ஓடவே ஓடாதீங்க."

நைலானில் தூரிகை மை ஒட்டாது என்று எண்ணெய் மைப் பேனா ஒன்றையும் பையில் போட்டாள்.

[இதெல்லாம் லுவான் சொன்னது. மெய்ப்புப் பார்த்த புத்தி, சரிபார்க்க நானே அந்தக் கடைக்குப் போனேன். தியன் விதை கொறித்துக்கொண்டிருந்தாள், அதுவரை சரி. "அப்படி ஒருத்தர் வந்தாரா? ஞாபகமில்லை. சிங்மிங் சமயத்துல எழுதறதுக்குன்னு வாங்கறவங்க ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வருவாங்க" என்றாள்.]

3

மறுநாள் பைலாங் ஆற்றங்கரைக்கு லுவானும் மனைவி ஷூச்சினும் போனார்கள். அவள் வரவேண்டியதில்லை. ஆனால் வந்தாள். மடக்கு முக்காலியில் தடித்த கோட்டுக்குள் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவள். பையில் சாமைக் கஞ்சிக் குடுவையும் நறுக்கிய பச்சை முள்ளங்கியும் வைத்திருந்தாள். கஞ்சி அவளுக்கு, முள்ளங்கி அவருக்கு.

லுவான் ஓடினார்.

பட்டம் தரையில் உரசிக்கொண்டே பின்னால் வந்தது. திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடியதில் நடைபாதைக் கல்லில் தடுக்கி விழப் பார்த்தார். இரண்டாம் தடவை ஆள் உயரம் எழும்பி, இரண்டு சுற்றுச் சுற்றி, மூக்கு குத்திக்கொண்டு விழுந்தது. மூன்றாம் தடவை அங்கே உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒருவரின் தொப்பியைத் தட்டிவிட்டது.

"கிழவா" என்று ஷூச்சின் கூப்பிட்டாள். "அது லாரி இல்லை. இழுத்துட்டுப் போறதுக்கு."

"நீ சும்மா உட்காரு."

"சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். மூணு வாரமா அதைத்தானே செய்யறேன்."

"கடைக்காரி ஓடாதேன்னுதான் சொன்னா. ஓடாம எப்படி மேல போகும்?"

"இங்க கொண்டா அதை."

அவள் முக்காலியை விட்டு எழுந்து காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவரைப் பட்டத்தை எடுத்துக்கொண்டு நாற்பது அடி தள்ளிப் போய்த் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். நூலை விறைப்பாக்கினாள். "இப்போ விடு" என்றாள். அவர் விட்டார். பட்டம் ஏறியது. இழுத்தபோது நூலைக் கொடுத்தாள், தொய்ந்தபோது இழுத்தாள். விரல் நுனியில் நூலின் இறுக்கம் தெரிந்தவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. பத்து நிமிடத்தில் அது ஆற்றுக்கு மேல், பாலத்துக்கும் மேல், ஓர் ஆள் காட்டினால்தான் தெரியும் உயரத்தில் நின்றது.

லுவான் பக்கத்தில் வந்து நின்றார். "எனக்குக் கொடு" என்றார்.

"தரமாட்டேன்."

"வலிக்குதா?"

"வலிக்குதுதான். அதுக்கு இதைத் தரணுமா?"

நான்கு நாள் அப்படிப் போனார்கள். லுவான் பிடித்த ஒவ்வொரு தடவையும் பட்டம் விழுந்தது. அவள் பிடித்தால் நின்றது.

(ஷூச்சினைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. சாகப்போகிறவர்கள் இவ்வளவு வாயாடியாக இருப்பார்களா? அவளை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் அவளால் பேச முடியாதபோது. மற்றதெல்லாம் லுவான் சொன்னதுதான். மனைவியை இழந்தவர் அவளை மெருகேற்றித்தான் சொல்வார். ஒரு வரைவில் அவளை அமைதியான, எதையும் பொறுத்துக்கொள்கிறவளாக எழுதிப் பார்த்தேன். லுவானிடம் அதைப் படித்துக் காட்டினேன். இரண்டாம் பத்தியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "இது யாரு, வாத்தியாரம்மா?" என்று கேட்டார். படித்தவள் என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.)

4

சிங்மிங் அன்று காலை வெயில் இருந்தது, தென்கிழக்கிலிருந்து நல்ல காற்று. சாப்பாட்டு மேசையில் பட்டத்தை விரித்து வைத்து லுவான் எழுதினார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சுமைச் சீட்டில் கையெழுத்துத்தான். பெயரை எழுதினார். நோயின் பெயரை மருத்துவமனைத் தாளைப் பார்த்து எழுதியிருக்கலாம். ஆனால் அந்தத் தாளை ஷூச்சின் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள், கேட்க அவருக்கு மனமில்லை. காதில் விழுந்த ஒலியை வைத்து எழுதினார்.

நோய் கணையப் புற்று. கணையத்தைக் குறிக்கும் சீன எழுத்துக்கு இடப்பக்கம் உடம்பைக் காட்டும் கூறு வரவேண்டும். லுவான் அந்த இடத்தில் பெண்ணைக் காட்டும் கூறைப் போட்டார். உச்சரிப்பு ஒன்றுதான். பொருள் வேறு. அப்படி எழுதினால் அது கணையம் இல்லை. சித்தி.

அவருக்குத் தெரியாது. ஷூச்சின் மூக்குக்கண்ணாடி போடாமல் பார்த்தாள், சரி என்று தலையை ஆட்டினாள்.

ஆற்றங்கரையில் அன்று கூட்டம். ஷூச்சின்தான் ஏற்றினாள். நூல் முழுவதும் போய்ச் சக்கரத்தின் கட்டை தெரிந்தது. லுவான் சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார்.

"இன்னிக்கு வேண்டாமே" என்றாள் அவள்.

"இன்னிக்குத்தான் செய்யணும்."

"நாளைக்கும் காத்து இருக்கும்."

"ஷூச்சின்."

"இப்பதான் எனக்கு இது வந்திருக்கு. அம்பத்தஞ்சு வயசுல ஒண்ணு வந்திருக்கு, அதைப் போய் அறுக்கணும்ங்கறே."

"இன்னொண்ணு வாங்கித் தரேன்."

"இது போச்சுன்னா என் வயித்துவலி போயிரும்னு நீ நிஜமா நம்பறியா?"

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே நூலை அவர் பக்கம் நீட்டினாள். "சரி, அறு. அப்புறம் உன் பேச்சை நான் கேட்கலைன்னு சொல்லாதே."

அவர் அறுத்தார். நூல் அவள் கையில் சுருண்டு விழுந்தது. பட்டம் ஒரு நொடி அதே இடத்தில் நின்றதுபோல இருந்தது, பிறகு சாய்ந்து வடமேற்கே போயிற்று. அவள் அதைப் பார்க்கவில்லை என்றார் லுவான். தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். இழுப்பு நின்ற பிறகும் விரல் இன்னும் இழுபடுவதுபோல இருக்கிறது என்றாளாம்.

[இங்கே ஒரு நல்ல வரி எழுதியிருந்தேன், விரலையும் உயிரையும் பற்றி. நன்றாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.]

5

இப்போது நான் வந்தாகவேண்டும்.

அறுந்து விழுந்த பட்டத்தை யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் அதிலிருப்பது எடுத்தவருக்கு வரும். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வாரம் எனக்கும் ஒரு பரிசோதனை முடிவு வரவேண்டியிருந்தது. இடது மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. அப்படியிருக்கும்போது ஒரு புற்றுநோயின் பெயர் என் படுக்கை விரிப்பின் மேல் வந்து கிடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் அந்த எழுத்துப் பிழை கண்ணில் பட்டது.

பன்னிரண்டரைக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். லுவான். ஆறு மாடி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"வாத்தியாரம்மா, மன்னிக்கணும். இந்தப் பக்கமா ஒரு பட்டம்... கீழ இருந்து பார்த்தேன், உங்க பால்கனி மாதிரி தெரிஞ்சுது."

மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, மின்சார ஸ்கூட்டரில் பட்டம் போன திசையிலேயே தேடிக்கொண்டு வந்திருந்தார். அது யார் வீட்டிலாவது விழுந்து, அங்கே குழந்தை குட்டி இருந்து, அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். எடுத்துப் போய் எரித்துவிடலாம் என்று கையில் அரிசிச் சாக்கு ஒன்று வைத்திருந்தார்.

இவரை நான் உள்ளே கூப்பிட்டு ஒரு குவளை வெந்நீர் கொடுத்திருக்கவேண்டும். நூற்றில் தொண்ணூறு பேர் தங்கள் நோயை வேறொருவர் கூரையில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறவர்கள். இவர் பின்னாலேயே வந்தவர்.

நான் பயந்துபோயிருந்தேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"அதோ கிடக்கு, எடுத்துக்கோங்க" என்றேன். "அப்புறம், எழுதறதுன்னா சரியா எழுதணும். அது தப்பு."

"எது?"

"ரெண்டாவது வரி, முதல் எழுத்து. கணையம்னு எழுதலை நீங்க. சித்தின்னு எழுதியிருக்கீங்க."

அவர் பட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டேன் என்று.

"அப்போ இது போனது..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. பட்டத்தைச் சாக்கில் போட்டு, வாலை உள்ளே தள்ளி, வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். இரண்டு மாடி இறங்கியவர் திரும்ப ஏறி வந்தார்.

"சரியான எழுத்தை ஒரு தாள்ல எழுதித் தரீங்களா?"

எழுதித் தந்தேன். பெரிதாக, கோடு கோடாகப் பிரித்து, எந்தக் கோடு முதலில் என்று எண் போட்டு.*

* இந்த அடிக்குறிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூன்று நாள் கழித்து என் பரிசோதனை முடிவு வந்தது. ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்றார்கள். இதை லுவானிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

6

வீட்டுக்குப் போய் லுவான் விஷயத்தைச் சொன்னபோது ஷூச்சின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என் சித்தி சாங்லெ ஊர்ல நல்லாத்தானே இருக்கா. அவளை எதுக்கு அனுப்பினே?"

"சிரிக்காதே."

"போகட்டும் விடு. என் கல்யாணத்துல உன்னைக் கறுப்புன்னு சொன்னவதானே."

லுவானால் சிரிக்க முடியவில்லை. ஏப்ரல் பாதியில் அவள் சாப்பிடுவது நின்றது. மருத்துவமனையில் சொல்லியிருந்தபடியேதான் எல்லாம் நடந்தது. ஆனால் லுவானுக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்துத் தப்பாகப் போனதால்தான் நடக்கிறது என்று தோன்றியது. அவர் தியனிடம் போய் அதேபோல இன்னொரு பட்டம் வாங்கினார். என் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய செய்தித்தாளில் அறுபது எழுபது தடவை எழுதிப் பழகி, பிறகு பட்டத்தில் எழுதினார். இந்தத் தடவை சரியாக இருந்தது. எனக்குத் தெரியும், நான் பார்த்தேன். அன்று என் எண்ணையும் வாங்கிப் போயிருந்தவர், தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "சரியா இருக்கா வாத்தியாரம்மா?" என்று கேட்டிருந்தார். நான், "சரி" என்று பதில் அனுப்பினேன்.

ஒரு வார்த்தை. அதற்குப் பதில், "வேண்டாம், அவங்களைப் படுக்க விடுங்க" என்று அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. கேட்டது எழுத்தைப் பற்றி. நான் எழுத்தைப் பற்றிச் சொன்னேன்.

ஏப்ரல் இருபத்தேழாம் தேதி, தெரிந்தவரின் மூன்று சக்கர வண்டியில் மெத்தை விரித்து அவளைப் படுக்கவைத்து, இரண்டு போர்வை போர்த்தி, ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். நூலை அவள்தான் பிடிக்கவேண்டும். நோய் அவளுடையது என்பதனால் மட்டுமில்லை. அவருக்கு இன்னும் ஏற்றத் தெரியாது.

அன்று காற்றில்லை.

பத்து மணியிலிருந்து காத்திருந்தார்கள். ஷூச்சின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள், அவர் நாற்பது அடி தள்ளிப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். விட்டார், விழுந்தது. எடுத்தார், நின்றார், விட்டார், விழுந்தது. பதினோரு மணிக்கு அவள் கையிலிருந்து சக்கரம் நழுவியது. அவரே அதை வாங்கிக்கொண்டு ஓடினார்.

"கிழவா, போதும். வீட்டுக்குப் போலாம்."

"இன்னும் ஒரே ஒரு தடவை."

எத்தனை தடவை இப்படிச் சொன்னார் என்று பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒன்பது தடவை. ஒரு மணிக்கு வடக்கிலிருந்து காற்று வந்தது, மழையோடு வந்தது. காற்று வந்துவிட்டதே என்று அந்த மழையிலும் இரண்டு தடவை முயற்சி செய்தார். நனைந்த துணி எழும்பவில்லை. திரும்பிப் பார்த்தபோது போர்வை இரண்டும் நனைந்து கனத்துக் கிடந்தன. அவள் கண்ணைத் திறந்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடாதேன்னு சொன்னாங்கல்ல" என்றாள்.

மாலையே காய்ச்சல் வந்தது. நுரையீரலில் சளி கட்டியது. நான் அவளைப் பார்த்தது அப்போதுதான், மருத்துவமனையில், மே மாதம் நான்காம் தேதி. ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். மூக்கில் குழாய். தூங்குகிறாள் என்று நினைத்துப் பையை வைத்துவிட்டுத் திரும்பும்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் யார் என்று லுவான் சொன்னார். அவள் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பு என்றார் அவர். எனக்குத் தெரியவில்லை.

மே பதினோராம் தேதி இறந்துபோனாள்.

மருத்துவர் நல்லவர். லுவானைத் தனியே கூப்பிட்டு, "மழையில நனையலேன்னாலும் நடக்கவேண்டியதுதான். ஒரு மாசம் முன்ன பின்ன ஆகியிருக்கும், அவ்வளவுதான்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். லுவான் அதிலிருந்து இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு மாசம்.

7

வேறு முடிவுகள் எழுதிப் பார்க்காமல் இல்லை.

ஒன்றில் அவளைப் பிழைக்கவைத்தேன். மருத்துவமனையில் தாள்களை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு பக்கமும் அவள் வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கிறாள் என்று ஒரு பக்கமும். குடுவையை எடுத்து மேசைமேல் வைக்கும் வரை எழுதினேன், அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவே இல்லை. எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் லுவானை என்னிடம் கோபப்படவைத்தேன். கதவைத் தட்டுகிறார், "ஒரு எழுத்துக்காக என் பொண்டாட்டியைக் கொன்னுட்டியே" என்கிறார். இதை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றுவரை, வழியில் பார்த்தால் நின்று, "சாப்பிட்டீங்களா வாத்தியாரம்மா" என்றுதான் கேட்கிறார்.

மூன்றாவதில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்தேன். பால்கனியில் கிடந்த பட்டத்தைக் காட்டி, "அதோ கிடக்கு, எடுத்துக்கோங்க" என்கிறேன். பிழையைச் சொல்லவில்லை. அவர் சாக்கில் போட்டு எடுத்துப் போய் எரிக்கிறார். ஏப்ரல் கடைசியில் அவள் படுக்கையிலேயே இருக்கிறாள், சன்னல் மூடியிருக்கிறது, போர்வை காய்ந்திருக்கிறது, மழை வெளியே பெய்கிறது. ஜூன் மாதம் இறக்கிறாள். லுவான் தன்னால் ஆனதெல்லாம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அழுகிறார். முடிந்தது. எழுதிய மூன்றில் சின்னது இதுதான், அரைப் பக்கம்கூட இல்லை. இதைத்தான் என்னால் திரும்பப் படிக்க முடியவில்லை.

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம்தான் மிச்சம்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுவான் வந்தார். கையில் ஒரு பட்டம். புதிது, நீல நிறம்.

"இதை ஏத்தறதுக்கு ரெண்டு பேர் வேணும் வாத்தியாரம்மா. ஒருத்தர் தள்ளி நின்னு பிடிக்கணும். எனக்கு வேற யாரைக் கூப்பிடறதுன்னு தெரியலை."

போனேன். வெயில் ஏறிய நேரம், ஆற்றங்கரையில் எங்களைத் தவிர மூன்று நான்கு பேர்தான். அவர் சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு, பட்டத்தை இரண்டு கையாலும் விரித்து என் முன்னால் பிடித்தார். அதன் வயிற்றில் முதல் வரி எழுதியிருந்தது. லுவான் ஷோயீ. அவர் பெயர். கோணல் இல்லை, ஒரு கோடு கூடக் குறைய இல்லை. இரண்டாம் வரிக்கு இடம் விட்டிருந்தார்.

"உங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லை. கம்பெனியில பரிசோதனைக்கு அனுப்பினாங்க. ரத்தம் சரி, நெஞ்சு சரி, எல்லாம் சரின்னுட்டாங்க. சாப்பிடறேன், தூங்கறேன், லாரி ஓட்டறேன். ஆனா என்னவோ இருக்கு, வாத்தியாரம்மா. கலவையைக் கொட்டிட்டு டிரம் சுத்திட்டே இருக்குமில்லையா, உள்ள ஒண்ணும் இல்லாம, அந்த மாதிரி. அதுக்கு ஒரு பேர் இருக்கும். எனக்குத் தெரியலை. நீங்க அவ்வளவு படிச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

பேனாவைக் கொடுத்தார்.

துக்கம் என்று எழுதலாம். ஆனால் அதை அறுத்துவிட்டால் ஷூச்சினின் நினைவாக அவருக்கு வேறு என்ன மிஞ்சும்? குற்றம் என்று எழுதலாம். அதை அவர் பெயருக்குக் கீழே எழுத எனக்கு என்ன யோக்கியதை? என் பெயரை எழுதலாமா என்றுகூட யோசித்தேன். முப்பத்தோரு வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவள் நான். வெற்றிடத்தில் ஒரு சொல்லை முதலில் வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

காற்று நன்றாக இருந்தது. துணி அவர் கையில் படபடத்தது. நான் எழுதுவதற்கு வாகாக அதை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"தப்பில்லாம எழுதுங்க" என்றார்.

அன்று நான் எழுதினேனா, எழுதினேன் என்றால் என்ன சொல், பட்டம் ஏறியதா, அவர் நூலை அறுத்தாரா — இதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் அதைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். லுவான் இன்னும் கையை இறக்கவில்லை. பேனாவை என்னிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

லுவான் ஷோயீ

[                                        ]